பூண்டு எண்ணெய் விட்டால் போன காது திரும்புமா?

"பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் மூணு சொட்டு போதும், டெஸ்ட் வேண்டாம்" என்று வடசென்னையில் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. எண்ணெய் அங்கே போவதும் இல்லை. அழுக்கு அடைப்பை வேண்டுமானால் இளக்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கலாம்.

துறைமுகம், பட்டறை இரைச்சலில் உழைத்தவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் குறைவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சென்ற ஒலிகள். சொல்லைத் தெளிவாக்க உதவுபவை அவை. அதனால் பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. காசிமேட்டுச் சந்தை மாதிரிக் கூட்டத்தில் சுத்தமாகப் புரியாது. வீட்டில் டிவி சத்தம் ஏறும். 'நீங்கதான் முணுமுணுக்கிறீங்க' என்று காது மங்கியவர் வீட்டாரிடம் சொல்வார். அதுவே அறிகுறி, தயவுசெய்து கோபிக்காதீர்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். கேட்கும் திறன் சோதனையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வலி கிடையாது. முந்தின நாள் இரைச்சலைத் தவிருங்கள். ஒரு காது திடீரென்று மங்கினால் அன்றைக்கே கிளம்புங்கள். நாள் தள்ளினால் ஸ்டீராய்டு சிகிச்சையின் பலன் குறையும்.