சால்வைக்கு முன்னால் ஒரு ஆர்டிஐ

சட்டசபை கூடும் தேதி வந்துவிட்டால் நம்ம குமரி மாவட்டத்தில் அமைப்புகள் எல்லாம் எம்எல்ஏ வீட்டு வாசலில்தான். சால்வை, எட்டுப் பக்க மனு, ஒரு போட்டோ. சாதிப் பாகுபாடு, மயானப் பாதை, பட்டா என்று எல்லாம் அந்த ஒரே மனுவில். அதை வைத்து அவரால் சபையில் கேட்க ஒரு கேள்விகூட எழுத முடியாது. (சால்வைக் காசில் பத்து ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு, போடலாம்.)

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்துக்கான விதிகள், 1995. அதில் விதி 17: கலெக்டர் தலைமையில் மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எம்பி, எம்எல்ஏக்கள் அதில் உறுப்பினர்கள். நம்ம 6 தொகுதிக்காரர்களும் சேர்த்துத்தான். மனுவை வாங்குகிறவரிடமே முதலில் கேட்கலாம்: கடைசிக் கூட்டத்துக்குப் போனீர்களா?

அதற்கு ஆதாரம் வேண்டும். கலெக்டர் ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். 2 ஆண்டில் குழு கூடிய தேதிகள், வருகைப் பதிவு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு நகல், இவ்வளவு போதும். ‘ஏன் கூடவில்லை’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். பட்ஜெட் கூட்டத்தொடருக்கு நவம்பரிலேயே தொடங்கினால்தான் கைக்கு வரும்.

எம்எல்ஏ சபையில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரு கேள்வி, ஒரு துறை. ‘60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத வன்கொடுமை வழக்குகள் எத்தனை?’ என்பது காவல்துறைக்கு. நிவாரணத் தொகை பாக்கி ஆதிதிராவிடர் நலத்துறைக்கு. இரண்டையும் ஒன்றாக எழுதினால் எந்தத் துறையும் ஏற்காது. ‘அராஜகம்’, ‘அலட்சியம்’ மாதிரி வார்த்தை வேண்டாம். கோர்ட்டில் நிற்கும் குறிப்பிட்ட வழக்கைத் தொட்டாலும் கேள்வி போச்சு.

மானியக் கோரிக்கை (துறைவாரியாக நிதி கேட்பது) விவாதத்தில் பேச எம்எல்ஏவுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், அரைப் பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பொதுமக்கள் மனுக்களை விசாரிக்கும் எம்எல்ஏக்கள் குழுவான பேரவை மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது தமிழில் 5 நகல், பொதுப் பிரச்சினை ஒன்று மட்டும். பட்டா, முதியோர் ஓய்வூதியம், கோர்ட் வழக்கு கலந்தால் அந்த மனுவை எடுக்க மாட்டார்கள். நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அமைச்சர் சபையில் ‘ஆவன செய்யப்படும்’ என்று சொல்லிவிட்டால் போஸ்டர் அடிக்க ஓடாதீர்கள். தேதியோடு அந்த வரியைக் குறித்துக்கொண்டு, அமைச்சர்கள் சபையில் தந்த வாக்குறுதிகளைக் கண்காணிக்கும் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதி, நிறைவேறியதா என்று கேளுங்கள்.