குண்டு அண்ணனுக்கு என் ஓட்டு

நேற்று மாலை யாங்கோன் அனவ்ரதா சாலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். தங்கை மகன் சமூசாவைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறான்: "மாமா, எண்பதுகளில் சிரிப்புச் சண்டைப் படம் என்றால் ஜாக்கி சான்தான். மற்றவங்க எல்லாம் பக்கத்தில் நின்றவங்க."

எனக்கு டீ இறங்கவில்லை. ஜாக்கி பெரிய ஆள், மறுப்பார் யார்? ஆனால் பக்கத்தில் நின்ற அந்தக் குண்டு மனிதர் இருக்கிறாரே, ஹாங்காங் நடிகர் சாமோ ஹங், அந்தக் காலத்து நல்ல படங்களில் பலவற்றை இயக்கியவரே அவர்தான். சண்டை அமைத்தவரும் அவர், அடி வாங்கிச் சிரிக்க வைத்தவரும் அவர். என் ஓட்டு அவருக்குத்தான்.

பர்மாவுக்கு டிவி வந்ததே 1980-இல். அதற்குப் பின்னால் வீடியோ டெக் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு முன்னறையில் சன்னலுக்குப் போர்வை கட்டி, பாய் விரித்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு படம் போடுவார்கள். கேசட் தாய்லாந்து எல்லை வழியாகக் கள்ளச் சரக்காக வரும். ஒரு நாள் தமிழ்ப் படம், ஒரு நாள் சீனப் படம். சீனம் எங்களுக்கு ஒரு சொல் தெரியாது. எங்கள் கூட்டத்தில் தச்சு வேலை செய்கிற, ஹாங்காங் படங்களின் மொழியான கான்டனீஸ் பேசும் ஒரு சீனத் தாத்தா மட்டும் வசனத்துக்குச் சிரிப்பார். (கான்டனீஸ்காரர்களைப் பர்மியர்கள் 'குட்டைக் கை' என்பார்கள், ஹொக்கியன் சீன வியாபாரிகளை 'நீளக் கை' என்பார்கள். சட்டைக் கையை வைத்து வந்த பேர்.) அவர் சிரித்து முடித்த பிறகு, சாமோ விழுவதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

அதே அறையில் தமிழ்ப் படமும் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். நம் படத்தில் நாயகன் அடிப்பார். காமெடியன் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வார், இல்லை உதை வாங்குவார். கவுண்டமணி, செந்தில் எனக்கும் உயிர்தான், ஆனால் சண்டை ஆரம்பித்தால் அவர்களுக்கு வேலை இல்லை. இந்த மனிதர் அந்தக் கணக்கையே கலைத்துவிட்டார். தொந்தி, உருண்டை முகம், அப்பாவிப் பார்வை. முதலில் அறை வாங்குவார், கும்பிடு போடுவார். சரி, இவன் நம்ம ஆள், ஒளியப் போகிறான் என்று நினைக்கும்போது அந்த உடம்போடு அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போடுவார் பாருங்கள்! சிரிப்பதா விசில் அடிப்பதா என்று அறையே முழிக்கும்.

அந்தக் குட்டிக்கரணம் சும்மா வரவில்லை. சிறு பையனாக ஹாங்காங்கில் ஒரு பீக்கிங் ஆப்பரா (பாட்டும் சண்டையும் கலந்த சீனக் கூத்து) பள்ளியில் சேர்ந்தவர். பிரம்படி, தலைகீழாக நிற்பது, விடியலில் பயிற்சி. ஜாக்கியும் நடிகர் யுவன் பியாவும் அங்கே அவருக்குத் தம்பிகள். பதின்வயதில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது உடம்பு பெருத்தது, வேகம் மட்டும் குறையவில்லை. 1973-இல் வந்த 'என்டர் த டிராகன்' தொடக்கத்தில் புரூஸ் லீயிடம் அடி வாங்குகிற அந்தக் கொழுத்த இளைஞன் இவர்தான்.

1984-இல் வந்த 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். பார்சிலோனாவில் எடுத்தது. அதில் ஜாக்கியும் அமெரிக்கக் கிக்பாக்சர் பென்னி உர்கிடேசும் மோதுவதை இன்றைக்கும் சிலாகிக்கிறார்கள். உர்கிடேஸ் விட்ட உதையின் காற்றில் மெழுகுவத்திகள் அணையும். இயக்கம் சாமோ ஹங். படத்தின் ஆகச் சிறந்த சண்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, தடுமாறும் துப்பறிவாளன் வேடத்தைத் தான் வைத்துக்கொண்டார். நம் ஊர் நட்சத்திரம் யாராவது செய்வாரா?

1980-இல் வந்த பேய்ப் படம் ஒன்று, 'என்கவுன்ட்டர்ஸ் ஆஃப் த ஸ்பூக்கி கைண்ட்'. அதில் அவருடைய ஒரு கையில் மட்டும் ஆவி புகுந்துவிடும். சாப்பாட்டுக் கடையில் அந்தக் கை ஊரையெல்லாம் அடிக்கும், முகம் மட்டும் 'நான் இல்லீங்க' என்று கெஞ்சும். எங்கள் அப்பாயி திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். பிணம் குதித்து வந்தபோது திருநீறு எங்கள் தலையில் விழுந்தது.

எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். 'மை லக்கி ஸ்டார்ஸ்' போன்ற படங்களில் ஐந்து ஆண்கள் ஒரு பெண்ணைச் சுற்றி அடிக்கும் கூத்து இருக்கிறதே, அன்று சிரித்தேன். போன வருடம் மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது ரிமோட்டைத் தேடினேன்.

ஆனால் 1989-இல் வந்த 'பெடிகேப் டிரைவர்' ஒன்று போதும். ஹாங்காங் பக்கத்து மக்காவ் நகரில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவராக வருவார். எங்கள் ஊர் சைக்காவைப் போல ஆளை ஏற்றி மிதிக்கிற பிழைப்பு. 1988-இல் பர்மாவில் நடந்த கலவரமும் ஊரடங்கும் எல்லாம் கழிந்த பிறகுதான் எங்களுக்கு அது பார்க்கக் கிடைத்தது. எங்கள் தெரு முனையில் சைக்கா மிதித்த ஓர் அண்ணனும் வந்திருந்தார். டியூப்லைட்டை வாளாக வைத்துச் சண்டை போடும் இடத்தில் அவர் உருண்டு உருண்டு சிரித்தார். பிற்பாதியில், புதிதாகக் கல்யாணமான சோடி கொல்லப்பட்டதும் எழுந்து வெளியே போய், தன் சைக்காவில் உட்கார்ந்துகொண்டார். கடைசிச் சண்டையைப் பார்க்க உள்ளே வரவேயில்லை. படம் முடிந்ததும் என்னிடம், "அவனை அடிச்சானா?" என்று மட்டும் கேட்டார்.

இதையெல்லாம் மருமகனிடம் சொல்லிப் பயனில்லை என்று, போனிலேயே அந்தப் படத்தின் சூதாட்ட விடுதிச் சண்டையைப் போட்டுக் காட்டினேன். குண்டு அண்ணனும் குங்ஃபூப் படங்களின் மூத்த இயக்குநர் லாவ் கார்-லியுங்கும் கம்பு சுழற்றும் இடம். பையன் வாய் திறக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் டீ கொண்டுவரும் பொடியன் தட்டோடு நின்றுகொண்டிருக்கிறான். பக்கத்து மேசைக்காரர் உதட்டைக் குவித்து 'ப்ச் ப்ச்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவன் காதில் விழுந்தால்தானே.