காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வரா?
"காந்தம் ஒட்டுதா? போலி எவர்சில்வர், சீருக்கு வாங்காதீர்கள்" என்று காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

17-4 பிஎச் என்ற எவர்சில்வர் ரகத்தையே பாருங்கள். குரோமியம் சுமார் 17 சதவீதம், நிக்கலும் செம்பும் நான்கு நான்கு. லேத்தில் கடைந்தபின் 482 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடேற்றினால், செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து உலோகத்தை இறுக்கும். இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுபடாமல் தாங்கும் திறன், 1300 மெகாபாஸ்கலைத் தாண்டும். பம்ப் தண்டு செய்கிற உசத்திச் சரக்கு. காந்தம் பச்சென்று ஒட்டும்!

சரி, பாத்திரம்? பாத்திரத்துக்கான எவர்சில்வர் ரகங்களுக்கு 430, 304 என்று எண்கள் உண்டு. 430 ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். 304-கூட அழுத்தி வளைத்த விளிம்பில் லேசாக இழுக்கும். காந்தம் ஒட்டாத 200 வரிசை ரகங்களிலோ 304-ஐவிட நிக்கல் குறைவு.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 14756 முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதிலுள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி அனுப்ப வேண்டாம்.