முதல் பக்கம் இன்னும் வெற்றுத்தாளாகத்தான் இருக்கிறது

மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் உட்பட எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் மழலையர் வகுப்புக்கான கொள்கைகளை எழுத ஒரு சிறிய குழுவாக உட்கார்ந்திருக்கிறோம். இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. வேண்டுமென்றேதான். எழுதி முடித்த பிறகு மக்களிடம் கருத்துக் கேட்டால், அவர்கள் திருத்த மிஞ்சுவது சொற்கள் மட்டும்தான்.

பல வருடம் மழலையர் வகுப்பில் வேலை பார்த்தவள் நான். மணி அடித்ததும் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள் ஒரு சிறுமி. "அடம்" என்று குறிப்பேட்டில் எழுதினோம். அதை நான்தான் எழுதினேன். ஒருநாள் கூட்டிப்போக வந்த அவளுடைய பாட்டி, "வீட்டில் வாஷிங் மெஷின் போடுவதற்கு முன் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவோம்" என்றார். மறுநாளிலிருந்து மணிக்குப் பதில் விளக்கை அணைத்து ஏற்றினோம். அவள் ஒளிவது நின்றது. மற்ற பிள்ளைகளும் அமைதியாக இடம் மாறினார்கள். அந்தப் பாட்டியிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை.

இப்படிக் கருத்துக் கேட்பது நாம் செய்யும் சலுகையும் இல்லை. 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவு, அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களுடைய அமைப்புகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளையும் சேர்த்தே சொல்கிறது. 2016-இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு இன்னொன்றையும் தெளிவாக்கியது: பழைய வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, குழந்தையை அதற்குள் பொருத்தப் பார்ப்பது எல்லோரையும் உள்ளடக்கிய கல்வி ஆகாது. பாடமுறை, இடம், நம் மனப்பான்மை எல்லாம் மாற வேண்டும். சேர்க்கை எண்ணிக்கையைக் காட்டி "நாங்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறோம்" என்பவர்களிடம் எனக்குள்ள சண்டையே இதுதான். மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் குழந்தையும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

மூன்று வயதுக் குழந்தையிடம் என்ன கருத்துக் கேட்பது என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். பேச்சோ எழுத்தோ வருவதற்கு வெகுமுன்பே குழந்தைகள் தங்கள் உணர்வையும் விருப்பத்தையும் பலவிதமாகச் சொல்கிறார்கள் என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2005-லேயே எழுதிவிட்டது. மொசைக் அணுகுமுறை என்று ஒன்று உண்டு. குழந்தைகள் கையில் கேமராவைக் கொடுத்து, தங்களுக்கு முக்கியமான இடங்களைப் படம் எடுக்கச் சொல்வார்கள். வகுப்பை அவர்களே பெரியவர்களுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். பேசாத குழந்தையும் எந்தக் கதவுக்கு முன்னால் தயங்கி நிற்கிறது என்று பார்க்கலாமே.

"இங்கே சரிப்பட்டு வராது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையின் பெற்றோரை நாங்கள் முதலில் கேட்க வேண்டும். துணி மாற்றிவிடும், ஊட்டிவிடும் உதவியாளர்களையும். அவர்களை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. வீட்டில் வேறு மொழி பேசுபவர்களையும், சிறு வயதில் தனி வகுப்பில் உட்கார வைக்கப்பட்டு இன்று பெரியவர்களாகிவிட்டவர்களையும்.

உங்கள் குழந்தை எந்த இடத்தில் தனித்து நின்றது, யார் என்ன செய்தபோது உள்ளே வந்தது என்று சொல்லுங்கள். குழந்தையின் பெயரும் படமும் வேண்டாம். எழுத முடியாதவர்கள் குரலில் பதிந்து அனுப்புங்கள், சைகை மொழியில் சொல்பவர்கள் வீடியோ அனுப்புங்கள். உங்கள் சொல்லிலேயே எழுதிக் குழுவின் முன் வைப்பது என் பொறுப்பு. எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதையும் திரும்ப வந்து சொல்வேன்.