ஆகஸ்ட் 15 கிராமசபையில் மழைக் கணக்கையும் பேசுவோம்

2016 புரட்டாசியில் சித்தப்பா புழுதியில் விதைத்த நெல் ஒரு சாண் வளர்ந்தது. அத்தோடு நின்றுவிட்டது. ஐப்பசி போனது, கார்த்திகையும் போனது, கண்மாயில் கால் நனையக்கூடத் தண்ணீர் வரவில்லை. மார்கழியில் அந்தப் பயிரிலேயே மாட்டை இறக்கி மேயவிட்டார். தை பிறந்ததும் மாட்டையும் விற்றார். அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

சித்தப்பா விதைத்தது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். செட்டிநாட்டுப் பக்கம் காவிரியும் கிடையாது, வைகையும் எட்டாது. வானம் பார்த்த பூமி. ஆனால் ஒரு விஷயம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அவர் விதைப்பதற்கு முன்பே கடல் அடையாளம் காட்டியிருந்தது. பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்வதை லா நினா என்பார்கள், அது தலைகாட்டியிருந்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் குளிர்ந்து, சுமத்ரா பக்கம் சூடேறியிருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நம்முடைய ஐப்பசி மழைக்கு ஆகாது என்பது வானிலை படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. நாங்களும் போய்க் கேட்கவில்லை.

கேட்டாலும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். வைகாசி, ஆனியில் தொலைக்காட்சியில் 'எல் நினோ வருகிறது, வறட்சி வரும்' என்பார்கள். எல் நினோ என்றால் அதே பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாவது. அவர்கள் சொல்வது தென்மேற்குப் பருவமழையை. வடநாட்டுக்கு அதுதான் பெருமழை. நமக்குக் கண்மாய் பெருகுவது ஐப்பசி, கார்த்திகையில். பசிபிக் சூடாகும் வருஷங்களில் வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடும், குறையாது. 1997 அப்படித்தான், சென்னை மூழ்கிய 2015-ம் அப்படித்தான். டெல்லிக்குச் சொன்ன பயத்தை நாம் வாங்கிக்கொண்டு விதைப்பைக் குறைத்தால் நஷ்டம் நமக்கு.

அதற்காக இதைச் சட்டம்போல எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2021 லா நினா வருஷம். கணக்குப்படி மழை குறைந்திருக்க வேண்டும். ஆனால் இயல்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகக் கொட்டித் தீர்த்தது. பருவக் கணிப்பைச் சதவீதமாகச் சொல்வது இதனால்தான். பழைய வருஷங்களின் மழையைக் குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்று சமபங்காகப் பிரிக்கிறார்கள். எந்தத் தகவலும் இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். 'குறைவுக்கு 50' என்று ஒரு வருஷம் சொன்னால், அந்த மாதிரிப் பத்து வருஷத்தில் ஐந்து வருஷம் காயும், மீதி ஐந்து வருஷம் காயாது என்று பொருள். ஒரு வருஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'சொன்னது பலிக்கலை' என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. சீட்டுப் போடும்போதும் கடன் வாங்கும்போதும் நாம் பார்க்கிற அதே கணக்குதான் இது.

வடகிழக்குப் பருவத்துக்கான கணிப்பை இந்திய வானிலைத் துறை செப்டம்பர் கடைசியை ஒட்டித்தான் வெளியிடும். அக்டோபர் 2 கிராமசபையில் அதை வாசிக்கலாம். ஆனால் அதற்குள் எங்கள் பக்கம் புழுதி விதைப்பு பாதி முடிந்திருக்கும். அதனால்தான் ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே பேச்சைத் தொடங்க வேண்டும் என்கிறேன். மார்ச், ஏப்ரலில் எல் நினோ பற்றிச் சொல்வது அவ்வளவாக நிலைக்காது. ஆகஸ்டுக்குள் பசிபிக் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஓரளவு தெளிந்துவிடும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் மாவட்டவாரியாகக் கணிப்பு தருகிறது. அதையும் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டலாம்.

சரி, தெரிந்து என்ன செய்வது?

மழை கூடும் என்று சாய்ந்தால் முதலில் கண்மாயைப் பார்க்க வேண்டும். கரையில் எலி வளை எங்கே, மடைப் பலகை உளுத்திருக்கிறதா, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கில் மரம் விழுந்து அடைத்திருக்கிறதா என்று ஒரு நாள் எல்லோருமாகக் கரை மேல் நடந்தாலே தெரிந்துவிடும். மணல் மூட்டையை உடைப்பு எடுத்த பிறகு தேடக் கூடாது. குறையும் என்று சாய்ந்தால் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கருவேல முள்ளை வெட்டிவிட்டால், வருகிற இரண்டு மழையாவது வழியில் நிற்காமல் ஊருணிக்கு வந்து சேரும். வயல் அதற்கு அப்புறம். விதையிலும் யோசிக்கலாம். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அண்ணா 4 நெல் வறட்சியைத் தாங்கும், 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வரும். நீண்ட நாள் ரகத்தை முழு நிலத்திலும் போடாமல் ஒரு பங்குக்கு இதைப் போடலாம், மேட்டு வயலில் உளுந்து போடலாம். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு முடியும். அந்த ரசீது இல்லாததால்தான் 2016-ல் சித்தப்பா வெறுங்கையோடு நின்றார்.

நம் முன்னோர் ஓட்டுக் கூரையை முற்றத்துக்குச் சரித்து, விழும் தண்ணீரை அண்டாவில் பிடித்தார்கள். ஒரு ஊருணி நிறைந்தால் அடுத்ததற்குப் போகிற மாதிரி வெட்டினார்கள். எந்த வருஷம் காயும் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது, அதனால் எல்லா வருஷமும் காயும் என்றே வைத்துக் கட்டினார்கள். நமக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு தடயமாவது கிடைக்கிறது. அதை வீணடிக்கிறோமே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஊரில், எந்த நாளில் கொட்டும் என்று பருவக் கணிப்பு சொல்லாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அதற்கெல்லாம் அன்றாட எச்சரிக்கைதான் வழி. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

போன வாரம் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டவர், "அதுல நம்ம கண்மாய் பேரு இருக்குமாப்பா?" என்றார். இருக்காது சித்தப்பா, மாவட்டம் வரைக்கும்தான் வரும், கண்மாய்க் கணக்கை நாமதான் போடணும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மேல மடைக்குப் பலகை மாற்றத் தச்சரிடம் சொல்லிவைக்கிறேன் என்றார். ஆகஸ்ட் 15 அன்று நான் ஊரில் இருப்பேன். கணிப்பைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வருகிறேன். வெளியூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அன்று வரப் பாருங்கள்.