பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்த வேண்டாம்
'இரண்டு வாரம் கோதுமையை நிறுத்துங்கள், வயிறு சரியானால் குளூட்டன்தான் (கோதுமையில் உள்ள புரதம்) காரணம்' என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நானும் அப்படித்தான் நான்கு மாதம் நிறுத்தினேன். உப்புசம் குறைந்தது, ஆனால் பிறகு சீலியாக் நோய்க்காக (குளூட்டன் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய்) எடுத்த ரத்தப் பரிசோதனை 'நார்மல்' என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பிரிக்கும் முன்பே மருத்துவர் கேட்டது, "இப்போது கோதுமை சாப்பிடுகிறீர்களா?" குளூட்டன் உள்ளே போகாவிட்டால் அந்த ரத்தச் சோதனையில் தேடும் டிடிஜி எதிர்ப்பொருள் இறங்கிவிடும், சிறுகுடல் சுவரும் ஆறத் தொடங்கிவிடும், சீலியாக் நோய் இருந்தாலும் பிடிபடாமல் போகலாம். மறுபடி 6 வாரம், தினமும் இரண்டு வேளை கோதுமையை, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்ட பிறகுதான் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் திசு எடுத்து சீலியாக் என்று உறுதி செய்தார்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர் 'ரத்தச் சோதனை நெகட்டிவ், அதனால் சீலியாக் இல்லை' என்கிறார். மொத்த ஐஜிஏ (இந்தச் சோதனை அளக்கும் எதிர்ப்பொருளின் வகை) அளவும் பார்த்தார்களா என்று கேளுங்கள்; அது குறைவாக இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை தவறாக நெகட்டிவ் காட்டக்கூடும்.