பிளேட் வைத்திருந்தாலே 40 சதவீதமா?

எலும்பு முறிந்து பிளேட் பொருத்தியவர் எவருக்கும், எக்ஸ்ரேயைக் காட்டினாலே 40 சதவீத ஊனச் சான்று கிடைக்கும் என்றொரு வாட்ஸ்அப் செய்தி, கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் பரவுகிறது. இது தவறு.

சிகிச்சை முடிந்த பின்னும் நிலையாக எஞ்சும் செயலிழப்பையே மருத்துவர்கள் அளக்கிறார்கள். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதைக் கோனியோமீட்டர் என்னும் கோணமானி வைத்துப் பார்த்து, தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிட்டு, கையானால் பிடிமானத்தையும் தொடுவுணர்வையும் சோதித்து, மத்திய அரசின் வழிகாட்டு விதிகளின்படி சதவீதத்தைக் கணக்கிடுகிறார்கள். உள்ளே பிளேட் இருந்தும் முழங்கை நன்றாக மடங்கி நீண்டு, வலுவும் குறையாதிருந்தால், மதிப்பீடு மிகக் குறைவாகவே வரும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர, அந்தக் கையால் கொழுந்து பறிக்க முடியுமா என்பதைக் காட்டாது.

40 சதவீதம் என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல சலுகைகளுக்கு வகுத்த வரம்பு மட்டுமே. தொழிற்சாலை விபத்து இழப்பீடு இதனின்று வேறு: 2025 வரை நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, கட்டைவிரல் இழப்பை 30 சதவீத வருவாய்த்திறன் இழப்பாகக் கொண்டது. இரண்டையும் குழப்பியதால்தான் இச்செய்தி நம்பும்படி இருக்கிறது போலும்.

விதிகளை, ஊனச் சான்றுக்கான மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்திலும், உதகையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் சரிபார்க்கலாம். அச்செய்தியைத் தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.